உச்சிக்கொண்டையும் மயிலும்

என் மேசை இழுப்பறையில் பதினொரு உரோம நாணயங்கள் இருக்கின்றன. பதினொன்றிலும் இருப்பவை பெண்களின் முகங்கள். பதினொன்றும் அந்தப் பெண்கள் இறந்து, தெய்வங்களாக அறிவிக்கப்பட்ட பின்னரே அச்சிடப்பட்டவை. இந்த வகை நாணயங்களைத் தவிர வேறெதையும் நான் வாங்குவதில்லை. இலங்கையின் ஹட்டன் போன்றதொரு மலையூரில் இருந்துகொண்டு இதில் என்ன கண்டாய் என்று நண்பர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கு ஆறுதலாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

உரோமில் ஒரு மனிதரைத் தெய்வமாக அறிவிக்கும் அதிகாரம் செனட் சபையிடம் இருந்தது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட பெண்ணின் பெயருக்கு முன்னால் 'திவா' என்ற சொல் சேர்க்கப்படும். நம் கோயில்களில் ஒலிக்கும் 'தேவி' என்ற சொல்லும் இந்த இலத்தீன் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்பதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. இந்தச் சிறப்பை முதலில் பெற்ற பெண் பேரரசி அல்லள்; பேரரசர் கலிகுலாவின் தங்கை துருசில்லாவே கி.பி. 38இல் அதைப் பெற்றாள். முதல் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியா 29இல் இறந்தபோது அவளைத் தெய்வமாக்க, அப்போது பேரரசனாக இருந்த அவளுடைய சொந்த மகன் திபேரியஸ் மறுத்துவிட்டான். பேரன் கிளாடியஸ் பேரரசனான பிறகு, 42இல்தான் அது நிறைவேறியது.

ஆயினும் என் மனம் அதிகம் தங்குவது மூத்த பௌஸ்தீனாவிடமே. அவள் அந்தோனினஸ் பயஸின் மனைவி. கணவன் அரியணை ஏறி ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில், கி.பி. 140 அளவில் இறந்தாள். அதன் பின் 161இல் தான் இறக்கும்வரை, சுமார் 20 ஆண்டுகள், அந்தப் பேரரசன் அவளுடைய முகத்தைத் தங்கத்திலும் வெள்ளியிலும் பித்தளையிலும் அச்சிட்டுக்கொண்டே இருந்தான். ஏழைச் சிறுமிகளுக்கு அவள் பெயரில் ஓர் அறநிதியையும் ஏற்படுத்தினான். உரோமின் பொதுமன்றத்தில் அவளுக்காக எழுப்பிய கோயிலின் தூண்கள் இன்றும் ஒரு தேவாலயத்தின் முகப்பாக நிற்கின்றன. அவளுடைய நாணயங்கள் மிகுதியாகக் கிடைப்பதால் விலை குறைவு. அதனாலேயே சேகரிப்பாளர்கள் பலர் அவற்றைக் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அது பெரும் பிழையாகத் தோன்றுகிறது.

என்னிடமுள்ள அவளுடைய தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு நம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. எடை மூன்று கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். லென்ஸின் கீழ் வைத்து, சாளர வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெல்லத் திருப்பினால், பின்னல்கள் தலையைச் சுற்றி ஏறி உச்சியில் கொண்டையாக முடிவதும், அவற்றின் நடுவே முத்துச்சரம் ஓடுவதும் தெரியும். 'திவா பௌஸ்தீனா' என்ற பொறிப்பில் 'யூ' வரவேண்டிய இடத்தில் 'வீ' வெட்டப்பட்டிருக்கும். பின்பக்கத்தில் கதிரும் தீப்பந்தமும் ஏந்திய தானிய தெய்வம் செரெஸ் தேவி நிற்கிறாள். மூத்த பௌஸ்தீனாவின் மகள் இளைய பௌஸ்தீனாவும் 'திவா' ஆனவளே என்பதால் புதிதாகத் தொடங்குவோர் இருவரையும் குழப்பிக்கொள்வார்கள். தாய்க்கு உச்சிக்கொண்டை, மகளுக்குப் பிடரிக்கொண்டை என்பதை நினைவில் வைத்தால் போதும். மகளின் பெயருக்குப் பின் 'பியா' என்ற சொல்லும் வரும்.

என் அப்பாயி உயிருடன் இருந்த காலத்தில் இந்தக் காசை அவருடைய உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ராசாவின் மனைவி, செத்த பிறகு சாமியாக்கிவிட்டார்கள் என்று விளக்கியபோது அவர் ஒன்றையே கேட்டார்: "இவ போகையில புருசன் உசுரோட இருந்தானா?" இருந்தான் என்றேன். "அப்ப இவ பூவாடைக்காரிதானே" என்று சொல்லிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பித் தந்தார். சுமங்கலியாக இறந்த பெண்ணுக்குப் புதுப்புடவை வைத்துப் படைக்கும் அந்த வழக்கத்தை எங்கள் குடும்பம் சேலம் பக்கத்திலிருந்து தோட்டத்து லயத்துக்குக் கொண்டுவந்திருந்தது. நான் பல நூல்களைப் படித்து மெல்ல நெருங்கிய இடத்தை அப்பாயி ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேரரசர் திராயானின் சகோதரி மார்சியானாவுக்கும் ஹத்ரியானின் மனைவி சபீனாவுக்கும் தெய்வமாக்கலின் அடையாளமாகக் கழுகு பொறிக்கப்பட்டது. கழுகு உரோமத் தெய்வங்களின் தலைவன் யூபிட்டரின் பறவை. பின்னர் அவனுடைய மனைவி யூனோவின் பறவையான மயில் பேரரசிகளுக்கு உரியதாயிற்று. மாக்சிமினஸின் மனைவி பௌலீனாவின் நாணயமொன்றில் மயில் அவளைத் தன் முதுகில் ஏற்றி வானத்துக்குக் கொண்டுசெல்கிறது. வேலவனின் வாகனத்தைப் பார்த்தே வளர்ந்த கண்களுக்கு அந்தக் காட்சி சிறிதும் அந்நியமாகப் படுவதில்லை.

இலங்கைக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. காற்றில் திசைமாறி இத்தீவுக்கு வந்துசேர்ந்த ஒரு உரோமரிடமிருந்த தெனாரியஸ்களில் வெவ்வேறு பேரரசர்களின் உருவங்கள் இருந்தும் எடை மட்டும் ஒன்றாகவே இருந்ததைக் கண்டு நம் மன்னன் வியந்தான் என்றும், அதன்பின் உரோமுக்குத் தூதுவர்களை அனுப்பினான் என்றும் உரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அந்தத் தூதுவர்கள் சென்றது லிவியாவைத் தெய்வமாக்கிய அதே கிளாடியஸின் காலத்தில். ஆனால் இந்த மண்ணில் கிடைத்த காசு எதையும் நான் வாங்குவதில்லை. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நிலத்தில் புதைந்துள்ள தொல்பொருள் அரசுக்கு உரியது. என்னுடையவை எல்லாம் வெளிநாட்டு ஏலங்களிலிருந்து பதிவுத் தபாலில் வந்தவை.

மலைநாட்டின் ஈரம் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் எதிரி. ஒரு தென்மேற்குப் பருவத்தில் பௌஸ்தீனாவின் செஸ்டர்ஷியஸ் என்ற பெரிய பித்தளைக் காசை வெறும் கடித உறையில் வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது எழுத்துகளின் இடுக்குகளில் வெளிர்பச்சைத் தூள் பூத்திருந்தது. உலோகத்தில் தங்கியுள்ள குளோரைடு ஈரத்துடன் சேர்ந்து அதை அரிக்கும் நோய் அது. தூளை மெல்லச் சுரண்டி நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிப் பல வாரங்கள் காத்திருந்தேன். அரிப்பு நின்றது, ஆனால் பெயரின் முதல் எழுத்து போய்விட்டது. இப்போது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு அது இருக்கிறது.

கடைசியாக வந்தவள் மரினியானா. கி.பி. 253இல் ஆட்சிக்கு வந்த வலேரியனின் மனைவி என்று கருதப்படுபவள். அவளை நமக்கு அறியத் தருபவை நாணயங்களே. அவையும் அவள் இறந்த பின் அச்சிடப்பட்டவை. முக்காடிட்ட முகம், மறுபுறம் தோகை விரித்த மயில். என்னிடமுள்ள காசில் மூக்கு தேய்ந்துவிட்டது, முக்காட்டின் மடிப்புகள் மட்டும் கூர்மையாக இருக்கின்றன. மழை விட்டுச் சற்று வெளிச்சம் வந்த நேற்றுப் பிற்பகலில் அந்த மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினேன், ஏழு இருந்தன.