புகையைத் தேடி வரும் ராட்சதன்: மைக்ரோபோலிஸில் நகரைக் காத்துப் பார்த்த அனுபவம்

1989-இல் வெளிவந்த, நகரம் கட்டி நிர்வகிக்கும் கணினி விளையாட்டான சிம்சிட்டியில் ‘டோக்கியோ 1957’ என்றொரு சவால் உண்டு. ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே நீரிலிருந்து ஒரு ராட்சத மிருகம் எழுந்து, வீடுகளையும் சாலைகளையும் மின்கம்பிகளையும் மிதித்துக்கொண்டு நகருக்குள் நடந்து வரும். அதை எதிர்க்க ஆட்டக்காரரிடம் பீரங்கியும் இல்லை, படையும் இல்லை. கையில் 20,000 டாலர் இருக்கும். ஐந்து ஆண்டுகள் முடியும்போது நகரின் மதிப்பெண் ஆயிரத்துக்கு 500-ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஆயுதமே இல்லாத இந்த ஆட்டத்தில் தற்காப்பு என்பது எதை எங்கே கட்டுகிறோம் என்பதில் மட்டுமே இருக்கிறது என்பதால், நான் பார்த்த வியூக ஆட்டங்களிலேயே இதை மிக நேர்த்தியான ஒன்றாகக் கருதுகிறேன்.

வில் ரைட் உருவாக்கி மேக்சிஸ் நிறுவனம் வெளியிட்ட இந்த ஆட்டத்தின் மூலநிரல் (ஆட்டத்தை இயக்கும் நிரல் வரிகள்), குழந்தைகளுக்கு மலிவு விலை மடிக்கணினி வழங்கும் திட்டம் ஒன்றுக்காகத் திருத்தப்பட்டு, 2008 ஜனவரியில் மைக்ரோபோலிஸ் என்ற பெயரில், யாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக வெளியானது. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டிலுள்ள பழைய லினக்ஸ் மடிக்கணினியில் அதை நிறுவி, பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினிக் குழுவில் இருக்கும் அக்கா மகனுடன் சேர்ந்து விளையாடத் தொடங்கினேன். மிருகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகித்துக்கொண்டிருந்தபோது அவன்தான் கேட்டான்: “மாமா, அது எங்க போகுதுன்னு முதல்லயே தெரிஞ்சா, போற வழியில ஒண்ணும் கட்டாம விட்டுரலாமல்ல?” அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் மூலநிரலைத் திறந்தோம்.

விடை மிகத் தெளிவாக அங்கே எழுதப்பட்டிருக்கிறது. 120 கட்டம் அகலமும் 100 கட்டம் உயரமும் கொண்ட வரைபடத்தில், விளிம்பை ஒட்டிய பகுதியை விட்டுவிட்டு, நிரல் கண்மூடித்தனமாக 300 முறை ஓர் இடத்தைத் தேர்ந்து பார்க்கிறது. முதலில் எங்கே தண்ணீர் அகப்படுகிறதோ அங்கே மிருகம் எழுகிறது. தண்ணீரே அகப்படவில்லை என்றால் வரைபடத்தின் நடுவில் எழுகிறது. ஆகவே நீர்நிலை இல்லாத நிலத்தில் நகரம் அமைத்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு அதுவே மிகப்பெரிய ஆபத்தாக முடியும். எழுந்த மிருகம், அந்த நேரத்தில் வரைபடத்திலேயே மாசு மிக அதிகமாக உள்ள இடத்தை நோக்கி நடக்கிறது. அதன் அருகே வந்ததும் திரும்பி, எழுந்த இடத்துக்கே போய் மறைகிறது. நகரின் மேலே சுற்றும் ஹெலிகாப்டர் அடிக்கடி வெடிக்க வேண்டும் என்பதற்காகவே அது மிருகத்தை நோக்கி ஈர்க்கப்படுகிறது என்று நிரலாளர் குறிப்பெழுதியிருப்பதைப் படித்தபோது, அது ஏன் எப்போதும் சரியாக அங்கேயே போய் விழுகிறது என்ற எங்கள் நெடுநாள் ஐயமும் தீர்ந்தது.

அடுத்து, மாசு எப்படி அளக்கப்படுகிறது என்று பார்த்தோம். தொழிற்பகுதியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 50, குறைவான போக்குவரத்துள்ள சாலைக்கு 50, நெரிசலான சாலைக்கு 75, துறைமுகம், விமான நிலையம், அனல்மின் நிலையம் ஆகியவற்றுக்கு 100, கதிர்வீச்சு படிந்த நிலத்துக்கு 255. இருப்புப்பாதைக்கும் அணுமின் நிலையத்துக்கும் ஒன்றுமே இல்லை. இந்த எண்கள் அக்கம்பக்கத்துக் கட்டங்களுக்கு நான்கு திசையிலும் சமமாகப் பரப்பப்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயில் வாழ்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய குறையாகவே தோன்றும். ஆடிக் காற்றில் கஞ்சிக்கோட்டு ஆலைகளின் புகை கிழக்கே வாளையாற்றுப் பக்கமும், மார்கழியில் கிழக்குக் காற்று திரும்பியதும் மேற்கே பாலக்காட்டுப் பக்கமும் போவதைப் பார்த்தே நாங்கள் வளர்ந்திருக்கிறோம். ஆட்டத்தில் காற்று இல்லை. அதனால் கணக்குப் போடுவது எளிதாகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி, மாசுக் கணக்கு கட்டடத்தை மட்டுமே பார்க்கிறது, அது இயங்குகிறதா என்று பார்ப்பதில்லை என்பதுதான். 3,000 டாலருக்கு ஓர் அனல்மின் நிலையத்தை யாரும் குடியிருக்காத மூலையில் கட்டி, ஒரு கம்பிகூட இழுக்காமல் விட்டாலும், அது முழு மாசையும் காட்டிக்கொண்டு நிற்கும். தூண்டிலில் இரை குத்துவதைப் போல அதை வைத்து மிருகத்தை அந்தப் பக்கம் இழுக்கலாம் என்பது எங்கள் திட்டம். மேற்குப் பக்கம் மட்டும் ஏரியுள்ள ஒரு நிலத்தில், ஏரிக்கரையை ஒட்டி இரையாக ஒரு நிலையமும், கிழக்கே குடியிருப்புகளும், நகரின் மின்சாரத்துக்கு 5,000 டாலரில் ஓர் அணுமின் நிலையமும் கட்டி, பேரிடர் மெனுவிலிருந்து மிருகத்தை வரவழைத்தோம். கரையேறிய மிருகம் இரைவரை நடந்துபோய்த் திரும்பியது. ஒரு வீடுகூட இடியவில்லை.

நகரம் வளர்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. குடியிருப்பிலிருந்து புறப்படும் பயணம் சாலையில் ஏறத்தாழ 30 கட்டத் தொலைவுக்குள் முடிய வேண்டும் என்பதால், தொழிற்பகுதியை விரும்பிய தொலைவுக்குத் தள்ளிவைக்க முடியாது. மாசின் மேல்வரம்பு 255. தொழிற்பகுதி நெருக்கமாக வளர்ந்ததும் அங்கும் அந்த வரம்பு எட்டிவிடுகிறது. ஒரே அளவு மாசுள்ள இடங்கள் பல இருந்தால் நிரல் அவற்றில் ஒன்றைத் தற்செயலாகத் தேர்கிறது. அப்போது இரை தன் சிறப்பை இழக்கிறது. மிருகம் சில சமயம் ஏரிக்கரையோடு நின்றுவிடுகிறது, சில சமயம் நகரைக் குறுக்கே பிளந்துகொண்டு தொழிற்பகுதிக்குப் போகிறது. சாலைகளை இருப்புப்பாதையாக மாற்றி, தொழிற்பகுதிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு அமைத்த பிறகு இரை மீண்டும் வேலை செய்தது.

டோக்கியோவில் இவ்வளவுக்கும் அவகாசம் இல்லை. அங்கே முதல் தாக்குதலைத் தடுக்க முயல்வதை விட்டுவிட்டு, அதன் பின்விளைவைக் குறைப்பதில் பணத்தைச் செலவிட்டோம். நகரின் மதிப்பெண் இறுதியில் மின்சாரம் கிடைக்கும் பகுதிகளின் விகிதத்தால் பெருக்கப்படுகிறது. ஆகவே மிருகம் இடித்த கட்டடங்களைவிட, அது அறுத்த கம்பிகளே மதிப்பெண்ணை அதிகமாகச் சரிக்கின்றன. ஒரு கட்டம் கம்பிக்கு 5 டாலர்தான். மிருகம் திரும்பி நடக்கத் தொடங்கிய உடனே ஆட்டத்தை நிறுத்திவைத்து, அது வந்த வழியெங்கும் கம்பிகளை இணைத்து, தீ பரவும் இடங்களுக்கு அருகில் 500 டாலருக்கு ஒன்றாகத் தீயணைப்பு நிலையங்களைக் கட்டினோம். சாலையும் மின்சாரமும் கிடைத்தால்தான் அவை முழுப் பலன் தரும். ஐந்தாம் ஆண்டு முடிவில் மதிப்பெண் 500-ஐத் தாண்டி நின்றது.

இப்போது நாங்கள் ஆராய்ந்துகொண்டிருப்பது வேறொரு முரண்பாடு. சவால் அல்லாத சாதாரண ஆட்டத்தில், சராசரி மாசு 60-ஐத் தாண்டினால் மட்டுமே மிருகம் தானாக வரும். அந்தச் சராசரியில் மாசு அறவே இல்லாத இடங்கள் சேர்க்கப்படுவதில்லை. எனவே நகரைக் காப்பதற்காக ஏரிக்கரையில் நாங்கள் வைத்த அதே இரை சராசரியை உயர்த்தி, மிருகம் வருவதற்கான வாய்ப்பையும் உண்டாக்குகிறது. இரையை இடித்துவிட்டு, தொழிற்பகுதிகளை இன்னும் சிதறவிட்டு, சராசரியை 60-க்குக் கீழே நிலையாக வைத்திருக்க முடியுமா என்று இந்த வாரம் அக்கா மகனுடைய நகரத்தில் சோதித்து வருகிறோம். என்னுடைய நகரத்தில் இரை அப்படியே நிற்கிறது.