முகமாலைத் தென்னங்காணிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் தெற்கே வந்தால், எழுதுமட்டுவாளுக்கு அடுத்தது முகமாலை. கொழும்பு பஸ்கள் நிற்காமல் பறக்கும் இடம். எங்கள் ஆட்டோக்கார அண்ணன் மட்டும் ஓரங்கட்டினார். மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடி எச்சரிக்கைப் பலகை, அதற்குப் பின்னால் பற்றைக்காடு, நடுவே தலையில்லாத பனைகள்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு போர்முனை கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குடாநாட்டின் கழுத்துக்குக் குறுக்கே வந்து நின்றது. 2008 கடைசி வரை பெரிதாக நகரவில்லை. அத்தனை வருடமும் இரு தரப்பும் மாறி மாறி மிதிவெடி புதைத்தார்கள்.

ஒரு மிதிவெடி செய்ய 3 முதல் 30 டாலர், அதை எடுக்க 300 முதல் 1,000 டாலர் என்பது ஐ.நா. பழைய நாளில் சொன்ன கணக்கு. ஏன் இவ்வளவு என்பது இங்கே வந்தால் புரியும். பி4 வகை மிதிவெடி உள்ளங்கையில் அடங்கிவிடும். பெரும்பாலும் பிளாஸ்டிக், இரும்பு துளிதான். மண்ணிலோ எங்கும் ஷெல் சிதறல். உலோகம் தேடும் கருவி கத்தினால் எதற்குக் கத்துகிறது என்று யார் சொல்வது? அதனால் பல இடங்களில் வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித்தான் தேடுகிறார்கள்.

எனக்கு அந்த டாலர் கணக்கே குறைவு என்றுதான் படுகிறது. சும்மா கிடந்த காணி அதில் எங்கே வருகிறது? இந்தப் பளைப் பக்கம் தென்னைக்குப் பேர்போனது. “காணியைத் திருப்பித் தந்தாப்போல காணுமோ தம்பி? தென்னம்பிள்ளை வச்சு ஒழுங்காத் தேங்காய் பறிக்க இன்னும் ஏழெட்டு வருசம் வேணும். அதுவரைக்கும் என்னத்தைத் தின்னுறது?” என்றார் அண்ணன். கிணறு தூர்ந்திருக்கும், வேலி இருக்காது, சிலருக்கு உறுதிப் பத்திரமே இருக்காது. அதெல்லாம் தனிச் செலவு.

அப்புறம் ஒரு விசித்திரம். வெடி அகற்றுவதில் பெண்கள் நிறையப் பேர். போரில் கணவனை இழந்து குடும்பத்தைச் சுமப்பவர்களும் அதில் உண்டு. வன்னியில் மாதச் சம்பளம் வருகிற வேலைகள் குறைவு, இது அவற்றில் ஒன்று. பணமோ பெரும்பாலும் வெளிநாட்டு உதவி. 2025 ஜனவரியில் அமெரிக்கா உலகம் முழுக்க இந்த நிதியைச் சில மாதம் நிறுத்தியபோது இங்கேயும் அடி விழுந்தது. மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கைப்படி, புதைத்ததை எடுத்து முடிக்க இலங்கைக்குக் கெடு 2028 ஜூன். அதற்குள் வேலை முடிந்தால் இவர்களின் சம்பளமும் அதோடு முடியும், வைத்த தென்னம்பிள்ளை காய்ப்பதற்கு முன்பே.