8 ஜிபி என்று எழுதியிருந்த மடிக்கணினியில் 16 ஜிபி

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் திங்க்பேட் எக்ஸ்220, 2011ஆம் ஆண்டு வெளிவந்த மடிக்கணினி. பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் பக்கங்களைத் துப்புரவாக்குவதே அதில் எனக்கு வேலை. வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேம் 4 ஜிபிதான்; அதில் பத்துப் பக்கங்களைச் சேர்த்துத் திறந்தாலே ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். ரேமில் இடமின்றி, கணினி டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிப்பதன் அடையாளம் அது.

தயாரிப்பாளரின் விவரத்தாளில் உச்ச வரம்பு 8 ஜிபி. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் முதலில் ஏறிய கடையிலும், "இதுல எட்டுக்கு மேல எடுக்காதுண்ணே" என்றே சொன்னார்கள். ஆனால் எவ்வளவு ரேம் ஏற்கும் என்பதை முடிவு செய்வது, ரேமில் எழுதுவதையும் படிப்பதையும் நடத்தும் மெமரி கன்ட்ரோலர் என்ற பகுதி. இந்தத் தலைமுறைக் கணினிகளில் அது பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. என்னுடையதிலுள்ள ஐ5-2520எம் பிராசஸருக்கு இன்டெல் குறித்திருக்கும் வரம்போ 16 ஜிபி. 8 ஜிபி லேப்டாப் ரேம் எளிதில் கிடைக்காத அந்த நாளில், இரண்டு 4 ஜிபி பொருத்திச் சோதித்த அளவே தாளில் ஏறியிருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இதை எல்லாப் பழைய கணினிக்கும் நீட்டிவிடக் கூடாது. மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்கு வெளியே, மதர்போர்டில் உள்ள சிப்செட் என்ற துணைச் சில்லில் இருந்த இன்டெல் 945 வகைக் கணினிகளில் 4 ஜிபி பொருத்தினாலும் ஏறத்தாழ 3 ஜிபிதான் பயனுக்கு வரும். அங்கே தடை வன்பொருளிலேயே இருப்பதால், 4 ஜிபிக்கு மேலும் கையாளவல்ல 64 பிட் இயங்குதளம் போட்டும் பயனில்லை. என் கணினியும் 8 ஜிபி ரேம் இரண்டை ஏற்குமே தவிர, 16 ஜிபி ரேம் ஒன்றை ஏற்காது. அதிலுள்ள அடர்த்தி மிகுந்த சில்லுகளை இந்தக் கன்ட்ரோலர் அறியாது. ஆகவே கடையில் கொள்ளளவை மட்டும் சொல்லாமல், வகை டிடிஆர்3, வேகம் 1333, இணைப்பு முனைகள் 204 (204 பின்), இரு பக்கமும் சேர்த்து 16 சில்லுகள் என்று கேட்டு 8 ஜிபி ரேம் இரண்டை வாங்கினேன்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பொருத்திய பின்னும் முதல்முறை திரை கறுப்பாகவே நின்றது. பதறாமல் இரண்டையும் வெளியே எடுத்து, பொன்னிற முனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஸ்லாட்டில் படிந்திருந்த தூசியையும் தூரிகையால் தட்டிவிட்டு, 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன். கடற்காற்று வீசும் எங்கள் பகுதியில் உலோக முனைகள் விரைவில் கறுத்துவிடும் என்பதால், ரேம் பழுது என்று முடிவு கட்டுமுன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. இம்முறை, கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸ் நிரல் 16 ஜிபி என்று காட்டியது.

அந்த எண்ணை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கவில்லை. பழுதான ரேம், சேமிக்கும் கோப்பையே சத்தமில்லாமல் சிதைத்துவிடும் என்பதால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டேன். விடியும்வரை ஒரு பிழையும் வரவில்லை. அன்று காலையே 60 பக்கங்களை ஒருசேரத் திறந்து, பாதியில் நின்றிருந்த நூலைத் தொடர்ந்தேன்.