செம்பும் துத்தநாகமும் இருந்தும் உறங்கும் நிலங்கள்

"செம்பு இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் மாமா அப்படியே போட்டுட்டாங்க?" என்று, நிலவியல் படிக்கும் என் அக்காள் மகன் அண்மையில் கேட்டான். கனிம ஆய்வுப் பணியில் இருந்தவன் என்பதால் தக்கலையிலும் நாகர்கோவிலிலும் பலர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு கனிம நிலத்தில் ஆய்வு நின்றுவிட்டது என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள்கொள்வது பெரும்பாலும் அவசரமான முடிவு என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

செம்பும் துத்தநாகமும் சேர்ந்து கிடைக்கும் படிவுகளில் ஒரு முக்கியமான வகை, பழங்காலக் கடலடி எரிமலைகளின் அருகே உருவானது. கடல்நீர் பாறை விரிசல்களில் இறங்கிச் சூடேறி, வழியிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வெந்நீர் ஊற்றாக மேலே வந்து, குளிர்ந்த கடல்நீரைத் தொட்டவுடன் அவற்றைச் சல்பைடுகளாக, அதாவது கந்தகத்தோடு சேர்ந்த தாதுக்களாக, படியவிடுகிறது. கிழக்குப் பசிபிக் கடலடி மேட்டில் ஏறத்தாழ 350 டிகிரி வெப்பத்தில் கருமையாகப் பொங்கும் இத்தகைய ஊற்றுகளை 1979-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் நேரில் கண்டபோது, நூல்களில் ஊகமாக இருந்தது கண்முன் நடக்கும் நிகழ்வாயிற்று. செம்பு அதிக வெப்பத்தில் ஊற்றின் அடியிலும் நடுவிலும் படிகிறது. துத்தநாகம் சற்றுக் குளிர்ந்த மேற்பகுதியிலும் ஓரங்களிலும் படிகிறது. இந்த அடுக்கு ஒழுங்கை அறிந்தவர், நிலத்தில் இட்ட ஓர் ஆய்வுத் துளையில் துத்தநாகம் மட்டும் கிடைத்தால் செம்பு எந்தப் பக்கம் இருக்கக்கூடும் என்று சிந்திக்கத் தொடங்குவார்.

நம் நாட்டில் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, குஜராத்–ராஜஸ்தான் எல்லையிலுள்ள அம்பாஜி, தேரி படிவுகள். ஏறத்தாழ 100 கோடி ஆண்டுப் பழமையுடைய எரிமலைப் பாறைகளில் துத்தநாகம், ஈயம், செம்பு ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்திருக்கின்றன. ஊற்று நீர் பட்டு மாறிய பாறை, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, கார்டியரைட், ஆந்தோபிலைட் என்னும் கனிமங்கள் நிறைந்த ஒரு தனித்த பாறையாக நிற்கிறது. சல்பைடைக் காணாவிட்டாலும் இந்தப் பாறையைக் கண்டாலே அனுபவமுள்ளவர் நின்று பார்ப்பார். பல பத்தாண்டுகளாகப் பெரிய உற்பத்திக்கு வராமலிருந்த அம்பாஜி, இப்போது மீண்டும் பேசப்படுகிறது.

நமக்கு இன்னும் அருகிலுள்ளது, பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மாமண்டூர். அங்கும் செம்பு, ஈயம், துத்தநாகச் சல்பைடுகள் ஆராயப்பட்டன. அவற்றைத் தாங்கி நிற்பது கிரானுலைட் எனப்படும், மிக உயர்ந்த வெப்பத்தில் உருமாறிய பாறை. கன்னியாகுமரி மாவட்டத்தின் சார்னோகைட், கொண்டலைட் ஆகிய பாறைகளும் இதே உருமாற்ற நிலையைச் சேர்ந்தவை; ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தைக் கண்டவை. இவ்வளவு வெந்த பாறையில் படிவின் பழைய வடிவம் எஞ்சுவதில்லை. தாது மடிந்து, இழுபட்டு, மடிப்பின் வளைவுகளில் தடித்தும் பக்கங்களில் மெலிந்தும் கிடக்கும். துத்தநாகத்தின் ஒரு பகுதி கந்தகத்தை இழந்து, கானைட் என்னும் கரும்பச்சைக் கனிமமாக மாறிவிடுவதும் உண்டு. கானைட் எளிதில் சிதையாது. ஓடை மணலில் வெகுதூரம் சென்றாலும் தங்கி நிற்கும். மணவாளக்குறிச்சிக் கருமணலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நம் கடற்கரையில் இல்மனைட்டும் கார்னெட்டும் மோனசைட்டும் சேரும் அதே விதியின்படிதான், ஓடை மணலை அரித்துக் கனமான மணிகளைத் தேடும் ஆய்வாளர், மேலே மலையில் மறைந்திருக்கும் தாதுவை நோக்கி நடக்கிறார்.

அடுத்து வருவது, மின்சாரத்தைக் கடத்தும் பாறை நிலத்தடியில் எங்கே இருக்கிறது என்று கருவியால் தேடும் மின்காந்த அளவீடு. பழைய ஆய்வுகளில் மிகப் பெரிய ஓட்டை இருப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். இரும்புச் சல்பைடான பைரோட்டைட்டும் செம்புத் தாதுவான சால்கோபைரைட்டும் மின்சாரத்தை நன்கு கடத்துகின்றன. துத்தநாகத் தாதுவான ஸ்பாலரைட் அவ்வாறு கடத்துவதில்லை. ஆகவே கருவி காட்டிய இடத்தில் மட்டும் துளையிட்ட ஆய்வு, துத்தநாகம் செறிந்த பகுதியைத் தொடாமலேயே முடிந்திருக்கலாம். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. நம் ஊர்க் கொண்டலைட்டில் கிராஃபைட் துகள்கள் இருப்பதைக் கல்குவாரிகளில் பலர் பார்த்திருப்பார்கள். கிராஃபைட் சிறந்த கடத்தி என்பதால், இத்தகைய பாறையுள்ள நிலத்தில் கருவி வலுவாகக் குறிகாட்ட, பெரும் செலவில் துளையிட்டபின் கிராஃபைட் மட்டுமே வெளிவந்து, நிலமே பயனற்றதென்று ஒதுக்கப்படுவது நடக்கக்கூடியதே.

துளையிட்ட அறிக்கையையும் கவனமாகப் படிக்க வேண்டும். செங்குத்தாக நிற்கும் தாதுப் பட்டையை, கிடைமட்டத்துக்கு 60 டிகிரி சாய்ந்த துளை 4 மீட்டர் நீளத்துக்குக் கடந்தால், பட்டையின் உண்மையான தடிமன் 2 மீட்டர் மட்டுமே. சுரங்கம் தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது அந்த 2 மீட்டர்தான். அதே வேளையில், மடிந்த படிவு ஒரு திசையில் சாய்ந்து இறங்கும்போது, அந்தச் சாய்வைக் கருதாமல் ஆழமற்ற துளைகளோடு நிறுத்தியிருந்தால், தடித்த பகுதி கீழே சோதிக்கப்படாமல் இருக்கவும் வாய்ப்புண்டு.

தாது இருந்தும் நிற்பதற்கு இன்னொரு காரணம் பிரித்தெடுப்பு. 10 லட்சம் டன் தாதுவில் 2 சதவீதம் செம்பு என்றால் 20,000 டன் உலோகம். ஆனால் ஸ்பாலரைட் மணிகளுக்குள் சால்கோபைரைட் நுண்புள்ளிகளாகப் பொதிந்திருந்தால், எவ்வளவு அரைத்தாலும் இரண்டும் முழுமையாகப் பிரிவதில்லை. தாதுவை அரைத்துப் பிரித்தெடுத்த துத்தநாகச் செறிவுத் தூளில் சிக்கிய செம்பு உரிய விலையைப் பெறாது. உலோக விலை, சாலை, தண்ணீர், காடு, இரும்புச் சல்பைடான பைரைட் நனைந்து அமிலநீர் வடியும் ஆபத்து ஆகியவையும் கணக்கில் சேர்கின்றன. கடைசியாகச் சொன்னதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடமாட்டேன். குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊரில், அமிலநீரைத் தடுக்கும் வழி தெளிவாகாதவரை அந்த நிலம் உறங்குவதே சரி.

ஆனால் உறங்கும் நிலத்தின் துரப்பண மாதிரிகள், அதாவது துளையிட்டு எடுத்துப் பெட்டிகளில் வைத்த கற்கள், அழியக் கூடாது. பெட்டிகள் கரையான் அரித்து, எண்கள் மறைந்து, பல துளைகளின் கற்கள் ஒன்றாகக் கலந்து கிடப்பதைப் பார்த்து மிகவும் வருந்தியிருக்கிறேன். 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியம் பழைய வரைபடங்களையும் அளவீடுகளையும் பலருக்கும் எட்டச் செய்வது நல்ல தொடக்கம். எனினும் கல்லைக் கையிலெடுத்துப் பார்ப்பதற்கு அது ஈடாகாது. இரும்பு மிகுந்த ஸ்பாலரைட் பளபளக்கும் பொன்னிறத்தில் இருக்காது. கறுத்து, ஆம்பிபோல் என்னும் கருநிறக் கனிமம் நிறைந்த பாறையோடு ஒன்றிப்போய்விடும். மின்னும் பகுதியை மட்டும் பகுப்பாய்வுக்கு அனுப்பிய காலத்தில், மங்கலான துத்தநாகப் பகுதி சோதிக்கப்படாமலேயே பெட்டியில் தங்கியிருக்கலாம். அதனால், பழைய நிலத்துக்குத் திரும்பிச் செல்லும் இளைஞர்கள் புதிய துளைக்குப் பணம் கேட்பதற்கு முன், சோதிக்கப்படாத ஒவ்வொரு மீட்டரையும் கத்தியால் கீறி, வெளிறிய மஞ்சளோ பழுப்போ ஆன தூள் வருகிறதா என்று பார்த்து, அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டு, அழுகிய முட்டை வாடை எழுகிறதா என்று கவனிக்க வேண்டும். எழுந்த இடங்களைக் குறித்து, முதலில் அவற்றைப் பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும்.