போக்கோ எஃப்1-ல் டிடபிள்யூஆர்பி: ஃப்ளாஷ் செய்வது எளிது, அதற்கடுத்த பூட்தான் முக்கியம்

போக்கோ எஃப்1 2018 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 8.1-உடன் வந்தது. நிறுவனம் கடைசியாகக் கொடுத்த பெரிய அப்டேட் ஆண்ட்ராய்டு 10. ஸ்னாப்டிராகன் 845 சிப்பும் 4000 எம்ஏஎச் பேட்டரியும் உள்ள போனை அதோடு மூலையில் போட மனசு வராது. புது ரோம் (போனின் இயங்குதளம்) ஏற்ற வேண்டுமென்றால் முதலில் கஸ்டம் ரெக்கவரி வேண்டும், அதாவது ரோம் ஏற்றவும் பேக்கப் எடுக்கவும் போனுக்குள் தனியாகத் திறக்கும் ஒரு சிறிய மென்பொருள். இந்த போனுக்கு டிடபிள்யூஆர்பி என்ற ரெக்கவரி நன்றாகவே வேலை செய்கிறது.

ஃப்ளாஷ் ஆவது, அதாவது அதை போனில் எழுதுவது, இரண்டு மூன்று விநாடி வேலை. "ஃப்ளாஷ் ஆச்சு, ஆனா பழைய ரெக்கவரியே வருது" என்றும், "லோகோவிலேயே நிக்குது" என்றும் வரும் புலம்பல்களில் பெரும்பாலானவை அதற்கடுத்த ஒரு நிமிடத்தில் செய்த தவறால் வருபவை. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன். கட்டளைகளைப் படிக்க வசதியாகத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் பூட்லோடர் (போனைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) அன்லாக். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'மி அன்லாக் ஸ்டேட்டஸ்' போய், வைஃபையை அணைத்து, சிம் டேட்டாவில் ஷாவ்மியின் மி கணக்கைச் சேர்க்க வேண்டும். பிறகு விண்டோஸ் கணினியில் மி அன்லாக் கருவி. அது காத்திருக்கச் சொல்லும், பெரும்பாலும் 168 மணி நேரம். இடையில் கணக்கை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்காதீர்கள், காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். அன்லாக் ஆகும்போது போனில் உள்ள எல்லாமே போய்விடும், படங்கள் உட்பட. இன்னொன்றையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்: பூட்லோடர் திறந்த போனில் சில வங்கிச் செயலிகளும் யூபிஐ செயலிகளும் ஓட மறுக்கும். அன்றாடம் பணம் அனுப்பும் ஒரே போன் இதுதான் என்றால் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

கணினியில் கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் ஜிப்பை இறக்கி விரித்துக்கொள்ளுங்கள். அந்த ஃபோல்டரின் முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று தட்டி என்டர் அழுத்தினால், கமாண்ட் ப்ராம்ப்ட் அதே இடத்தில் திறக்கும். பவர்ஷெல் திறந்தால் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு புள்ளியும் பின்சாய்கோடும் போட வேண்டும். அது தெரியாமல் 'கட்டளை கிடைக்கவில்லை' என்று திகைப்பவர்கள் நிறைய.

டிடபிள்யூஆர்பி இமேஜை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். கோப்பின் பெயரில் பெரிலியம் என்று இருக்க வேண்டும், அதுதான் இந்த போனின் குறிப்பெயர். பெயரில் 3.7.0-க்குப் பின் அடிக்கோடு போட்டு 9, 11, 12 என்று வரும் எண், அந்த ரெக்கவரி எந்த ஆண்ட்ராய்டு அடிப்படையில் கட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது. உங்கள் ரோம் புதியதாக இருந்து ரெக்கவரி பழைய அடிப்படையில் இருந்தால் டேட்டாவை டிக்ரிப்ட் செய்ய (பூட்டிய டேட்டாவைத் திறந்து படிக்க) முடியாமல் போகலாம். இறக்கிய கோப்புக்குச் 'செர்ட்யூட்டில்' கட்டளையால் எஸ்எச்ஏ256 (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்து, தளத்தில் உள்ளதோடு ஒப்பிட அரை நிமிடம் போதும்.

வால்யூம் டவுனும் பவரும் சேர்த்து அழுத்தினால் ஃபாஸ்ட்பூட் (கணினியிலிருந்து கட்டளைகளை ஏற்கும் நிலை). கேபிளைச் செருகி 'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' தட்டுங்கள். ஒரு சீரியல் எண் வந்தால் சரி. வெறுமையாக இருந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். 'ஆண்ட்ராய்டு' என்று மஞ்சள் எச்சரிக்கைக் குறியோடு நின்றால் டிரைவர் இல்லை என்று பொருள். 'ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ்' டிரைவரைக் கொடுங்கள். டிரைவர் சரியாக இருந்தும், கட்டளை தட்டியவுடன் போன் திரை கறுத்து, மேல் இடது மூலையில் பொடி எழுத்தில் 'எந்த பட்டனையாவது அழுத்தி அணைக்கவும்' என்று ஆங்கிலத்தில் வந்தால், போனில் எதுவும் கெட்டுவிடவில்லை. யூஎஸ்பி 3 போர்ட்டில், குறிப்பாக ஏஎம்டி ரைசன் சிப் உள்ள கணினிகளில், இது அடிக்கடி நடக்கிறது. யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அப்படி ஒரு போர்ட் இல்லாத லேப்டாப் என்றால், நடுவில் ஒரு சாதாரண யூஎஸ்பி 2 ஹப் போட்டாலே போதும்.

அடுத்து 'ஃபாஸ்ட்பூட் கெட்வார் ப்ராடக்ட்'. பதில் பெரிலியம் என்று வருகிறதா பாருங்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பி ஃப்ளாஷ் செய்ய வேண்டாம்.

நேரே ஃப்ளாஷ் செய்யாமல், 'ஃபாஸ்ட்பூட் பூட்' என்று தட்டி, இடைவெளி விட்டு இமேஜ் கோப்பின் பெயரைக் கொடுங்கள். ரெக்கவரி எதிலும் எழுதப்படாமல் நினைவகத்திலிருந்தே ஓடும். தொடுதிரை வேலை செய்கிறதா, பூட்டு எண்ணைக் கேட்டு டேட்டாவைத் திறக்கிறதா என்று பார்த்துவிடலாம். இன்டர்னல் ஸ்டோரேஜ் 0 எம்பி என்று காட்டினாலோ, ஃபோல்டர் பெயர்களெல்லாம் புரியாத எழுத்துக் குவியலாகத் தெரிந்தாலோ டிக்ரிப்ட் ஆகவில்லை. போனை வழக்கம்போல் பூட் செய்து, திரைப் பூட்டை எடுத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் மறுபடி ஃபாஸ்ட்பூட்டுக்கு வந்து, 'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் ரெக்கவரி', பிறகு கோப்பின் பெயர். 'ஓகே' இரண்டு முறை வரும்: அனுப்பியதற்கு ஒன்று, எழுதியதற்கு ஒன்று.

இப்போது கையை நிறுத்துங்கள். 'ஃபாஸ்ட்பூட் ரீபூட்' தட்டக் கூடாது. கேபிளைப் பிடுங்கி, வால்யூம் அப்பையும் பவரையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். லோகோ வந்ததும் பவரை மட்டும் விடுங்கள், வால்யூம் அப் விரல் அப்படியே இருக்கட்டும். லோகோவுக்குக் கீழே 'அன்லாக்டு' என்று வந்து போகும், பிறகு டிடபிள்யூஆர்பி திரை.

ஏன் இவ்வளவு கறார் என்றால், போனோடு வந்த இயங்குதளமான எம்ஐயூஐ ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ரெக்கவரி பார்ட்டிஷனை (சேமிப்பகத்தில் ரெக்கவரிக்கான தனிப் பகுதி) சரிபார்க்கிறது. அதில் தன் ரெக்கவரி இல்லையென்றால், பூட் இமேஜோடு (போன் தொடங்கத் தேவையான கோப்பு) ஒரு சிறிய பேட்ச் கோப்பைச் சேர்த்துப் பழைய ரெக்கவரியை மறுபடி உருவாக்கி எழுதிவிடும். நீங்கள் ஃப்ளாஷ் செய்தது உண்மையில் ஏறித்தான் இருந்தது. ஒரே ஒரு முறை பூட் ஆனதில் போய்விட்டது, அவ்வளவுதான்.

டிடபிள்யூஆர்பி திறந்ததும் முதல் கேள்வியே சிஸ்டத்தைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளவா, மாற்றவும் அனுமதிக்கவா என்பது. பழக்க தோஷத்தில் ஸ்வைப் செய்துவிடாதீர்கள். நிறுவனம் கொடுத்த (ஸ்டாக்) எம்ஐயூஐ-யிலேயே இருக்கப் போகிறவர் 'கீப் ரீட் ஒன்லி' அழுத்த வேண்டும். சிஸ்டத்தில் ஒரு பைட் மாறினாலும் டிஎம்-வெரிட்டி என்ற சோதனை கண்டுபிடித்துவிடும், போன் லோகோவிலேயே சுற்றும், அல்லது 'சிஸ்டம் அழிக்கப்பட்டுவிட்டது' என்று மிரட்டும்.

அப்படியானால் படிக்க மட்டும் வைத்துக்கொண்டால் பழைய ரெக்கவரி திரும்பி வந்துவிடுமே? வரும். அதற்கு வழி மேஜிஸ்க், பூட் இமேஜை மாற்றி ரூட் அணுகல் தரும் கருவி. போனில் இப்போது ஓடும் அதே எம்ஐயூஐ பதிப்பின் ஃபாஸ்ட்பூட் ரோமிலிருந்து பூட் இமேஜை எடுத்து, மேஜிஸ்க் செயலியில் பேட்ச் செய்து, 'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் பூட்' கட்டளையால் ஏற்றுங்கள். இடையில் எம்ஐயூஐ பூட் ஆகியிருந்தால் ரெக்கவரியையும் மறுபடி ஃப்ளாஷ் செய்யுங்கள். எம்ஐயூஐ வைத்திருக்கும் பேட்ச் கோப்பு, பூட் இமேஜின் ஹேஷ் (அதே கைரேகைக் குறியீடு) சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். மேஜிஸ்க் பூட் இமேஜை மாற்றிவிட்டதால் ஹேஷ் பொருந்தாது, பழைய ரெக்கவரியை உருவாக்க முடியாமல் அது விட்டுவிடும். டிடபிள்யூஆர்பி நிலைத்துவிடும். பதிப்பு மாறிய பூட் இமேஜை ஏற்றினால் வைஃபை வேலை செய்யாமல் போகலாம், போன் பூட் ஆகாமலே கூடப் போகலாம். அதனால் 'ஏறக்குறைய அதே பதிப்பு' என்ற சமாதானம் வேண்டாம்.

ரெக்கவரி நிலைத்த அன்றே செய்ய வேண்டிய வேலை பேக்கப். பூட், இஎஃப்எஸ், பட்டியலில் இருந்தால் பெர்சிஸ்ட், இவற்றை மெமரி கார்டிலோ ஓடிஜி பென்டிரைவிலோ எடுத்து, கணினிக்கும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள். ஐஎம்இஐ எண்ணும் ரேடியோ அளவீடுகளும் இஎஃப்எஸ்-ல் இருக்கின்றன, சென்சார் அளவீடுகள் பெர்சிஸ்டில். ஒவ்வொரு போனுக்கும் இவை தனித்தனி. இன்னொருவர் போனிலிருந்து எடுத்துப் போட முடியாது. போன பிறகு தேடி அலைவதை விட இன்றைக்கு ஐந்து நிமிடம் செலவிடுவது மேல். டேட்டாவை பேக்கப் எடுத்தாலும் உங்கள் புகைப்படங்கள் அதில் வராது. இன்டர்னல் ஸ்டோரேஜை டிடபிள்யூஆர்பி பேக்கப்பில் சேர்ப்பதில்லை. அதைத் தனியாகக் காப்பி எடுங்கள்.

கஸ்டம் ரோம் ஏற்றப் போகிறவர், வைப் பகுதியில் 'ஃபார்மட் டேட்டா' போய் 'யெஸ்' என்று ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். சாதாரண ஃபேக்டரி ரீசெட் இன்டர்னல் ஸ்டோரேஜைத் தொடாது, பழைய என்கிரிப்ஷனும் போகாது. ஃபார்மட் ஆனதும் ரெக்கவரிக்கே ஒரு முறை ரீபூட் செய்தால்தான் பல சமயம் கணினியில் போன் டிரைவாகத் தெரியும். ரோம் ஜிப்பில் 'எரர் 7' வந்தால், போனின் குறிப்பெயரோ ஃபர்ம்வேர் பதிப்போ பொருந்தவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். ஜிப்பைத் திறந்து அந்தச் சோதனை வரியை அழித்துவிடச் சொல்லும் வீடியோக்களைக் கேட்காதீர்கள். அந்த வரி உங்கள் போனைக் காப்பதற்காக எழுதப்பட்டது. திரையில் 'எரர் 7'-க்கு மேலே உள்ள வரியைப் படித்தால் எது பொருந்தவில்லை என்று அங்கேயே எழுதியிருக்கும்.

இந்த முறையை வேறு போனுக்கு அப்படியே கொண்டுபோக வேண்டாம். எஃப்1-ல் ரெக்கவரிக்குத் தனிப் பார்ட்டிஷன் இருக்கிறது. சிஸ்டத்துக்கு இரண்டு பிரதிகள் வைத்திருக்கும் ஏ/பி வகை போன்கள் பலவற்றில் அது பூட் இமேஜுக்குள்ளேயே இருக்கும், சில புதியவற்றில் வெண்டார் பூட் பார்ட்டிஷனில். அங்கே ரெக்கவரி இமேஜை பூட் பார்ட்டிஷனில் எழுதினால் அதிலிருந்த கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) போய்விடும்.

என்றாவது ஸ்டாக்குக்கே திரும்ப நினைத்து மி ஃப்ளாஷ் கருவியைத் திறந்தால், சாளரத்தின் அடியில் வலது ஓரத்தைப் பாருங்கள். 'கிளீன் ஆல் அண்ட் லாக்' என்பதுதான் தானாகவே தேர்வாகியிருக்கும். ஃப்ளாஷ் முடிந்த கையோடு பூட்லோடரையும் அது பூட்டிவிடும். வேறு நாட்டுக்கான ரோமை ஏற்றியிருந்தாலோ, மாற்றிய இமேஜ் ஏதாவது மிச்சமிருந்தாலோ போன் பூட் ஆகாது, மறுபடி அன்லாக் செய்யவும் வழி அடைபடும். 'கிளீன் ஆல்' என்று மாற்றிவிட்டு, மாறியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்த பிறகு ஃப்ளாஷ் பட்டனை அழுத்துங்கள்.