ஐந்தாம் முறையும் அதே புண்

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் ஆராதனையில் கழுவப்படும் 12 பேரின் கால்கள் பெரும்பாலும் வீட்டிலேயே ஒருமுறை கழுவப்பட்டு வந்தவை. தொழுநோய்ப் பிரிவில் கால் புண்ணின் கட்டைப் பிரிக்கும்போதே வாடை எழும். முகத்தைச் சுளிக்காமல் தண்ணீர்ப் பேசினை நகர்த்தி வைப்பதுதான் அங்கே முதல் பாடம்.

தண்ணீர் சூடாக்காத சாதாரணத் தண்ணீராக இருக்க வேண்டும். தொழுநோயால் மரத்த காலுக்கு வெந்நீர் சுடுவது தெரியாது. கொப்புளம் எழுந்த பிறகே கண்ணில் படும். நரம்பு கெட்ட பாதத்தில் வியர்வையும் சுரக்காது, தோல் வறண்டு வெடிக்கும். அதனால் சுமார் 20 நிமிடம் ஊறவைத்து, காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்ப்பார்கள். விட்டுவைத்த காய்ப்பு உள்ளே கல்லாக அழுத்திப் புண்ணாக்கிவிடும். ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். பிறகு புறங்கையால் பாதம் முழுவதும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால், புண் அங்கே வரப்போகிறது என்று பொருள். அந்தக் காலுக்கு அப்போதே ஓய்வு கொடுத்தால் தப்பிக்கலாம்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வேலூரில் பணியாற்றியபோது கண்டதும் இதைத்தான்: விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன. தொழுநோய்க்குக் கொடுக்கும் கூட்டு மருந்து 6 அல்லது 12 மாதத்தில் கிருமியை ஒழிக்கும். நெடுநாள் செத்த நரம்பை அது மீட்பதில்லை. நோய் தீர்ந்தவருக்கும் புண் வருவது அதனால்தான்.

மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் போல வைத்து ஆறிய புண், இரண்டே மாதத்தில் அதே இடத்தில் திரும்பும். கூலிக்குப் போகிறவர் நடக்காமல் எப்படி இருப்பார்? "போன தடவையே சொன்னேனே, கேட்டீங்களா?" என்று வாய் வரை வரும். வந்துவிட்டால், அடுத்த புண்ணை அவர் துணி சுற்றி மறைப்பார். எலும்பு வரை சீழ் போன பிறகுதான் வருவார். திட்டுவது வேலையைக் கெடுக்கும் என்பதற்கு இதைவிடக் கணக்கு தேவையில்லை. ஜெபத்துக்கு உட்கார்ந்தால்தான் புண்ணுக்குக் கட்டுப் போடுவோம் என்பதும் அதே ரகம், கொஞ்சம் பக்தியாகத் தெரியும், அவ்வளவுதான். யோவான் 13-ல் கால் கழுவிய பிறகுதான் யூதாஸ் வெளியே போகிறான். காட்டிக்கொடுப்பவன் யாரென்று அறிந்தேதான் இயேசு கழுவினார்.

ஆகவே ஐந்தாம் முறை கேட்க வேண்டியது வேறு: "ஐயா, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீங்க? செருப்பைக் கொஞ்சம் கொடுங்க." மரத்த காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பில் ஆணி அடிப்பதில்லை. குதிகாலுக்குப் பின்வார் உண்டு, இல்லையென்றால் கழன்று விழுந்தாலும் தெரியாது. அடி ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதா, வாரின் தையல் உள்ளே துருத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சில சமயம் புண்ணுக்கு நேர் கீழே, ரப்பரில் புதைந்த கருவேல முள் கைக்குத் தட்டுப்படும்.