குலசேகரத்து மழையில் போவாவுக்கு ஒரு கூண்டு

போவா மாதிரி பெரிய பாம்புக்குக் கூண்டு அமைப்பது பற்றி எதைப் படித்தாலும் எந்த ஹீட்டர், எத்தனை வாட் என்றுதான் ஆரம்பிக்கும். குளிர் நாட்டுக்காரர்களுக்கு அது கவலை. ஜூன் மழை பிடித்தால் சுவரே வியர்க்கிற குலசேகரத்தில், ஈரத்தை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அதற்கு முன்னால் காகித வேலை. நம்மூர் மலைப்பாம்பை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். போவா வெளிநாட்டு இனம் என்றாலும், உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளது. 2024-இல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்பவரிடம் பதிவு இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பாம்பு முழுசாக நீட்டிப் படுக்க வேண்டும் என்று 6 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம் சொன்னேன். அளவைக் குறித்துக்கொண்ட ஆசாரி, "மக்கா, வீட்டுல எல்லாரும் சொகமாத்தானே இருக்காவ?" என்று கேட்டார். ரப்பர் மரத்தில் மலிவாக முடிக்கலாம் என்றார். எங்கள் பக்கத்து ஈரத்துக்கு அது பூஞ்சை பிடிக்கும். அலுமினியச் சட்டத்தில் பிவிசி பலகை, முன்னால் பூட்டோடு தள்ளு கண்ணாடி. ஒரு பக்கம் கீழேயும் மறுபக்கம் மேலேயும் வலையடித்த காற்றுத் துளை. மேல் துளையில் 12 வோல்ட் குட்டி ஃபேன், காற்றை வெளியே இழுக்க. எறும்பு ஏறாமல் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம்.

விரிப்புக்கு நம்மிடம் பஞ்சமா? கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, சின்னத் துண்டுகளாக வெட்டிப் போட்டேன். கடலோரத்திலிருந்து வரும் கதம்பை உப்புநீரில் ஊறியதாக இருக்கலாம். நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைத்துதான் போட வேண்டும். அடியில் கை விட்டு ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்ப்பேன். உதிராமல் நிற்கலாம், தண்ணீர் சொட்டக் கூடாது. மேல்பரப்பு காய்ந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் வயிற்றுச் செதில் பழுப்பேறிக் கொப்புளம் வரும். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கில் குமிழ் வந்தாலோ நுரையீரல் தொற்றாக இருக்கும், உடனே டாக்டர்தான். ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரைப் பாம்பு வாங்குமுன்பே தேடி வையுங்கள், எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்கள்.

சூடான முனை 31, 32 டிகிரி, மறுமுனை 26, 27. மேலே பீங்கான் ஹீட்டர், பாம்பு சுற்றிக்கொள்ளாதபடி கம்பிக்கூடு. சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் தானாக அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அதன் சென்சாரைப் பாம்பு நகர்த்தாதபடி பிடிப்புப் போட்டு மாட்டுங்கள். அது குளிர்ந்த பக்கம் விழுந்தால் ஹீட்டர் நிற்காமல் எரியும். ஏப்ரல், மே மாதங்களில் ஹீட்டரை அணைத்தே வைக்கிறேன். அடைமழையில்தான் அதிகம் ஓடுகிறது, அதுவும் பாதி ஈரத்தை ஓட்டத்தான்.

தண்ணீர்த் தொட்டியைச் சூடான முனையில் வைத்தால் கூண்டே ஆவிக்குளியல் ஆகிவிடும். குளிர்ந்த முனைதான் சரி. ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதத்துக்குள் நின்றதா என்பதைச் சட்டையே சொல்லிவிடும். கண்ணை மூடியிருக்கும் மெல்லிய செதிலோடு சேர்த்து ஒரே துண்டாக உரிந்து கிடந்தால் எல்லாம் சரி.

இப்போது மழைக்காலத்தில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுவது ஃபேன் மட்டும். ஹீட்டரை அதில் சேர்க்கவே இல்லை.